அழிக்கும் முன் கோர்ட்டை நினையுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்தோ ஃபீனிக்ஸோ, ஒரு பிள்ளையின் படத்தைத் திரித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் வீட்டில் நடப்பது அநேகமாக ஒன்றுதான். போனைப் பிடுங்குவார்கள், எல்லாவற்றையும் அழிப்பார்கள், கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவரை வைத்துச் சமாதானம் பேசுவார்கள். கொஞ்ச நாளில் அதே ஆள் வேறு நம்பரிலிருந்து ஆரம்பிப்பான். கையில் ஒரு துண்டு ஆதாரம் இருக்காது. சமாதானம் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆதாரத்தை எடுத்து வைத்துவிட்டுப் பேசுங்கள்.

வசவை மட்டும் வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட் அரைக் கிணறுதான். அனுப்பியவரின் எண் (நீங்கள் போனில் சேமித்த பெயர் அல்ல), தேதி, நேரம், குழுவின் பெயர் எல்லாம் தெரியவேண்டும். முழு சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். ஃபேஸ்புக், டிக்டாக் என்றால் கணக்கின் லிங்கையும் காப்பி செய்யுங்கள். பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார்கள். பிளாக், ரிப்போர்ட் எல்லாம் அதற்கப்புறம். பதிலுக்குத் திட்டவே திட்டாதீர்கள், அதுவும் சாட்சியாக வந்து நிற்கும்.

ஒரே விதிவிலக்கு: 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் நிர்வாணப் படம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதும், ஹெட்மாஸ்டருக்குக் காட்டவே என்றாலும் ஃபார்வர்டு செய்வதும் உங்களையே குற்றவாளியாக்கலாம். போனை அப்படியே போலீசிடம் கொண்டுபோங்கள்.

நம் ஆட்கள் சரியாகத் தெரிந்துகொள்ளாத ஆயுதம் 2011-ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டம். 2013 ஏப்ரல் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் பகுதியின் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய்ப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. பெற்றோர் துணையில்லாமல் பிள்ளையே மனுப் போடலாம். மின்வழித் தொல்லையும் இந்தச் சட்டத்தில் அடங்கும். மனக்காயமும் பாதிப்புதான், அடிபட்டிருக்கவேண்டும் என்றில்லை. ஆள் யாரென்று தெரியாவிட்டால், அந்த நம்பருக்குரிய பெயர், அடையாள எண், முகவரியைத் தரும்படி போன் கம்பெனிக்குக் கோர்ட் கட்டளையிடலாம். சறுக்கும் இடமும் இதுதான்: சிம் வேறொருவர் பெயரில் ரைகா (சட்டப்படியான சிம் பதிவு) செய்யப்பட்டிருந்தால் தேடல் இன்னொரு வீட்டு வாசலில் போய் நிற்கும். வெளிநாட்டுத் தளத்துப் போலிக் கணக்கென்றால் இன்னும் இழுக்கும்.

இடைக்கால உத்தரவு எதிராளியின் கவனத்துக்குப் போன பிறகே செல்லுபடியாகும். சரியான முகவரி இல்லாமல் வெறுமனே கிடக்கும் உத்தரவுகள் இருக்கின்றன. அதனால் முகவரிக்கு மெனக்கெடுங்கள். உத்தரவோடு கைது வாரண்டும் வரும். எதிராளி உத்தரவை மீறினால் அந்த வாரண்டையும் ஒரு பிரமாண வாக்குமூலத்தையும் போலீசில் கொடுக்கவேண்டும். மீறலுக்கு 5 ஆண்டு வரை சிறை.

2021 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த சைபர் குற்றச் சட்டம் வேறு. வன்முறை மிரட்டல், சம்மதமில்லாமல் அந்தரங்கப் படம் பரப்புதல் ஆகியவற்றுக்கு அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. வெறும் கேலி அதில் வராது. ஸ்டேஷனில் "அவமானப்படுத்துகிறான்" என்று மட்டும் சொல்லித் திரும்பி வருகிறவர்கள் அதனால்தான் அதிகம். மிரட்டல் இருந்தால் அந்த வரியை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். கண்ணியத்தைக் கடுமையாகக் குலைக்கும் வசவென்றால், கிரிமென் இன்ஜூரியா என்ற பழைய குற்றப்பிரிவைக் கேளுங்கள்.

"நான் எழுதவில்லை, சும்மா இருந்தேன்" என்பவர்களுக்கு ஒரு சேதி. 2013-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் ஒரு ஃபேஸ்புக் வழக்கில், பதிவை எழுதிய பெண்ணோடு, அதில் டேக் செய்யப்பட்டும் விலகாத அவர் கணவரையும் பொறுப்பாக்கி 40,000 ராண்ட் நஷ்டஈடு விதித்தது. காவடிக் குழுவில் சிரிப்பு எமோஜி போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் இதைக் கவனிக்கலாம்.

தொல்லை கொடுப்பதும் பிள்ளைதான் என்றால் கதை மாறும். 2022 முதல் 12 வயதுக்குக் குறைந்தவர்மீது குற்ற வழக்கு இல்லை. 12, 13 வயதினரின் பொறுப்பை அரசுத் தரப்பு நிரூபிக்கவேண்டும். அங்கே பள்ளியின் நடத்தை விதிகளே முதல் வழி. ஹெட்மாஸ்டருக்கும் பள்ளி ஆட்சிக் குழுவுக்கும் எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாய்வழிப் புகார் அடுத்த டெர்மில் யாருக்கும் நினைவிருக்காது. பிள்ளை உங்களிடம் வாய் திறக்காவிட்டால் பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்ட்லைனின் எண் 116-ஐ அவன் போனில் சேமித்துக் கொடுங்கள்.