அந்தப் படத்துக்கு நான் லைக் போடவில்லை

நேற்று முழுவதும் நம் மட்டக்களப்பு நண்பர்கள் பகிர்ந்து கொண்டாடிய அந்த இலங்கைச் சீகாரப் பூங்குருவிப் படத்துக்கு நான் ஏன் லைக் போடவில்லை என்று மூன்று பேர் உள்பெட்டியில் கேட்டுவிட்டார்கள். படம் அழகானதுதான், தோளிலுள்ள நீலத் திட்டுக்கூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதே பயணத்தின் காணொளியில், மலைநாட்டு ஹோட்டன் சமவெளியின் அரேங்கா குட்டையருகே பறவையின் சீழ்க்கையைக் கைபேசியில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவதும் கேட்கிறதே, அது யார் காதிலும் விழவில்லையா?

இலங்கையின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அழியும் ஆபத்திலுள்ளதாகப் பட்டியலிடப்பட்ட பறவை அது. மூடுபனிக் காட்டின் ஓடைக்கரையில், ஈரச் சருகுக்குள் பூச்சியும் சிறு தவளையும் தேடி, விடியலிலும் அந்தியிலும் சற்று நேரமே கண்ணில் படும். அந்தச் சற்று நேரத்திலும், தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டதென்று நம்பவைத்து, இரையை விட்டுச் சண்டைக்கு ஓடிவரச் செய்வதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

பொறாமை என்கிறீர்கள். செங்கலடியில் பதுளை வீதியில் ஏறி மூன்று தடவை போய், விறைத்த கைகளோடு அந்தக் குட்டையருகே நின்று, ஒரு தடவைகூடப் பார்க்காமல் திரும்பியவன் நான். மூன்றாம் தடவை ஒரே ஒரு சீழ்க்கை கேட்டது, பிறகு மழை. மச்சான் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். சரி, பொறாமையாகவே இருக்கட்டும். அதனால் ஏமாற்று ஏமாற்றில்லை என்றாகிவிடுமா?

ஆய்வாளர்களும் ஒலிப்பதிவைப் பயன்படுத்துகிறார்களே என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கணக்கெடுப்புக்குப் பயன்படுத்துகிறார்கள், உண்மை. முகப்புப் படம் மாற்றுவதற்கு அல்ல.

"வாவியில் கொக்கு பார்ப்பவருக்கு மலைப்பறவையைப் பற்றி என்ன தெரியும்" என்ற கருத்துத்தான் நெஞ்சில் தைத்தது. அதற்குச் சிரிப்புக்குறி இட்டவர்களில் பைனாகுலர் பிடிக்க நான் பழக்கிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாவிக்காரன்தான் ஐயா. ஒரு நிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் அப்பா தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் இறக்கி, மறுமுனையில் என் காதை வைக்கச் சொன்னார். நீருக்கடியிலிருந்து கேட்ட அந்தப் பாட்டு மீனுடையதா, ஊரி என்கிற நத்தையுடையதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வலை போட்டுப் பிடித்துக் காட்டுங்கள் என்று நான் அப்பாவிடம் கேட்கவுமில்லை. மீன்பாடும் ஊரில் பிறந்த உங்களுக்கு, காதால் கேட்டது எப்படிப் போதாமல் போனது?

படம் இருக்கட்டும். அந்தக் காணொளியையாவது நீக்கிவிடுங்கள். வரும் போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு இன்னொரு வேன் நிறைய ஆட்கள் அதே ஒலியோடு அதே குட்டைக்குப் புறப்படுவார்கள்.