விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்

அக்கா மகள் கடையில் வாங்கிய புது மடிக்கணினியில் அவளுடைய அலுவலகக் கருவிகள் வேலை செய்யவில்லை, கடைக்காரர்களும் அதைத் திருப்பி எடுக்கவில்லை என்று நேற்று எழுதியிருந்தேன். "வாங்கும் முன் விசாரித்திருக்க வேண்டியதுதானே" என்று பலர் கேட்டிருந்ததால் இன்று சற்று விரிவாக எழுதுகிறேன்.

கைபேசி வகைச் சிப்பில் ஓடும் மடிக்கணினிகளுக்கு நான் எதிரி அல்ல. நான்கைந்து ஆண்டுகளாக அந்த வகையான எம்1 சிப் கொண்ட ஆப்பிள் மேக்புக் ஏர்தான் என் சோறு போடும் கருவி. எடை 1.29 கிலோ, உள்ளே மின்விசிறியே கிடையாது. அம்மா மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாட்களும் கட்டிலருகே முக்காலியில் அமர்ந்து, அதை மடியில் வைத்துத்தான் மொழிபெயர்ப்பு வேலையை முடித்தேன். கட்டிலுக்கு இருந்த ஒரே பிளக்கில் அம்மாவின் மருந்து பம்ப் செருகியிருந்தது. காலையில் வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனால் இரவு வரை தாங்கியது. சத்தமில்லாததால் அம்மாவும் நிம்மதியாகத் தூங்கினார். அதனால்தான் அக்கா மகளிடமும், "எடை குறைவானதாகப் பார்த்து வாங்கு" என்று நானே சொன்னேன்.

ஆனால் அவள் வேலை செய்வது ஆடிட்டர் அலுவலகத்தில். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (கணினியில் செருகி ஆவணங்களில் மின்னணுக் கையெழுத்துப் போட உதவும் சிறு கருவி), பழைய பிரிண்டர் இரண்டும் அதில் வேலை செய்ய வேண்டும் என்று கடையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். "எல்லாம் ஓடும் மேடம்" என்று சொல்லித்தான் அதே கைபேசி வகையான ஸ்னாப்டிராகன் சிப் கொண்ட விண்டோஸ் மடிக்கணினியை விற்றிருக்கிறார்கள். இன்டெல் சிப்புக்காக எழுதிய சாதாரண மென்பொருள்கள் பலவற்றை அந்த விண்டோஸ் தானே மாற்றி ஓட்டிக்கொள்ளும். ஆனால் டோக்கன், பிரிண்டர் போன்ற கருவிகளைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் என்ற மென்பொருளை அப்படி ஓட்ட முடியாது. அதை இந்தச் சிப்புக்கென்றே தனியாக எழுதித் தர வேண்டும். அவளுடைய டோக்கனுக்கும் பிரிண்டருக்கும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. திங்கட்கிழமை டோக்கனைச் செருகியபோது அதன் சிறு விளக்கு எரிந்தது; ஆனால் கணினி அதை அடையாளம் காணவே இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், பெட்டியைப் பிரித்தாயிற்று, எடுக்க முடியாது என்றார்களாம்.

இது யாருக்கும் தெரியாத புதுச் சிக்கலும் அல்ல. 2012-இல் மைக்ரோசாப்ட் இதே வகைச் சிப்பில் சர்ஃபேஸ் ஆர்டி கருவியை வெளியிட்டது. பழைய விண்டோஸ் மென்பொருள்களை அதில் நிறுவவே முடியவில்லை. மறு ஆண்டே விற்காமல் தேங்கிய சரக்குக்காக 90 கோடி டாலரை இழப்பாக எழுதியது. இன்றைய நிலைமை எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் மாணவர்களுக்கும் தயங்காமல் வாங்கலாம். ஆனாலும் யாருக்கு ஒத்துவராது என்பதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"கடைப் பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்" என்கிறீர்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லலாமே! இருபத்து நான்கு வயதுப் பெண் தன் தேவையை வாய்திறந்து சொன்ன பிறகும் குற்றம் அவள் மேல்தானா? விவரம் கேட்டால் மேடம், ஏமாந்தால் விவரம் தெரியாதவள் என்றால், அவள் எங்கே போய் விசாரிப்பாள்?

"சித்தி, உங்களுக்காவது இது தெரியாதா?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்று காலையும் பழைய இரண்டரைக் கிலோ மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாள். புதியது பீரோவில் இருக்கிறது. முதல் தவணை வரும் ஐந்தாம் தேதி.