மாட்டுக்கு மருந்து ஊற்றுகிறோம், குட்டையில் இருக்கும் நத்தையை யார் பார்ப்பது?

மழைக்காலம் முடிந்து மாடு மெலிய ஆரம்பித்தால், உடனே ஒரு பாட்டில் பூச்சி மருந்து வாங்கி ஊற்றிவிட்டு "குடற்புழு நீக்கியாச்சு" என்று நிம்மதியாகிவிடுகிறோம். டெல்டாவில் மாடு வைத்திருப்பவர்களிடம் எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கல் இதுதான். எந்தப் புழுவுக்கு எந்த மருந்து என்று யாரும் கேட்பதில்லை. ஐவர்மெக்டின் உருளைப்புழுவுக்கு நல்ல மருந்து. ஈரலில் குடியிருக்கும் தட்டைப்புழுவை அது ஒன்றும் செய்யாது. அல்பெண்டசோல் அளவைக் கூட்டிக் கொடுத்தால் வளர்ந்த தட்டைப்புழுவைக் கொல்லும், ஆனால் ஈரலைத் துளைத்துக்கொண்டு திரியும் இளம்புழு தப்பித்துவிடும். தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கி, கண் உள்பக்கம் வெளுத்துப்போன மாட்டுக்கு ஏதோ ஒரு பாட்டிலை ஊற்றிவிட்டுக் காத்திருப்பது கொடுமை.

பாதிக்கப்பட்ட ஈரலை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பித்தக்குழாய் தடித்து, சுண்ணாம்பு படிந்து, கத்தி படும்போதே நறநறவென்று இருக்கும். வெட்டிய இடத்தை அழுத்தினால் இலை வடிவத்தில் பழுப்பு நிறப் புழு நழுவி வரும். நம் பக்கத்து இனம் ஏழு சென்டிமீட்டர் வரைகூட வளரும். அத்தனை பெரிய உயிர்கள் உள்ளே இருக்கும்போது பால் எங்கிருந்து வரும், சினை எப்படிப் பிடிக்கும்?

இந்தப் புழு ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு நேராகப் போகவே முடியாது என்பதை நாம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சாணியில் வரும் முட்டை தண்ணீருக்குள் போயாக வேண்டும். நல்ல வெதுவெதுப்பான தண்ணீராக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பொரிந்து, உடம்பெல்லாம் நுண்மயிர் கொண்ட ஒரு குஞ்சு வெளியே வரும். அதற்குத் தீனி கிடையாது. ஏறக்குறைய ஒரு நாளைக்குள் நத்தையைக் கண்டுபிடிக்காவிட்டால் செத்துப்போகும். அதுவும் எல்லா நத்தையும் ஆகாது. வாய்க்கால் ஓரத்திலும் குட்டையிலும் மெல்லிய ஓட்டோடு இருக்கிறதே, லிம்னேயா வகை நத்தை, அதுதான் வேண்டும். அதைத் துளைத்து உள்ளே போய்விட்டால் அப்புறம் நடப்பது பெருக்கம். ஒன்று பலவாகி, அவை ஒவ்வொன்றும் இன்னும் பலவாகி, உள்ளே போன ஒரே ஒரு குஞ்சிலிருந்து நூற்றுக்கணக்கில் வாலுள்ள குஞ்சுகள் வெளியே நீந்தி வரும். அவை தண்ணீரில் அதிக நேரம் சுற்றுவதில்லை. புல்லின் தண்டையோ நெல் தாளையோ பிடித்து, வாலை உதறிவிட்டு, ஒரு கூடு கட்டிக்கொண்டு மாட்டின் வாய்க்காகக் காத்திருக்கும். ஈரம் இருந்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

பாதிக்கப்பட்ட நத்தையைத் தெளிந்த தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளரில் விட்டுவைத்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். கண்ணாடிச் சுவரில் வெண்புள்ளிகளாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தண்ணீருக்குள் கையை விடாதீர்கள், வாயருகே கொண்டுபோகவும் வேண்டாம். மனிதர்களின் ஈரலிலும் இந்தப் புழு வளரும்.

இந்தச் சுழற்சி தெரியவருவதற்கு ஒரு பேரழிவு வேண்டியிருந்தது. 1879-80இல் இங்கிலாந்தில் ஈரல் புழுவால் முப்பது லட்சம் அளவுக்கு ஆடுகள் செத்தன. அதற்குப் பிறகுதான் ஆக்ஸ்போர்டில் தாமஸும் ஜெர்மனியில் லாய்கார்ட்டும் தனித்தனியாக ஆராய்ந்து, 1880களின் தொடக்கத்தில் நத்தையின் பங்கைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்து நூற்று நாற்பது வருடங்கள் ஆகிவிட்டன. மாடு வளர்ப்பவரின் காதுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அதே குட்டையில் தட்டையாகச் சுருண்ட ஓட்டோடு வேறொரு நத்தை இருக்கும். குறட்டை நோயைக் கொண்டுவரும் புழு அதில்தான் வளர்கிறது. அதற்குப் புல்கூடத் தேவையில்லை. தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்தே உள்ளே போய்விடும். மூக்கு ரத்தக்குழாயில் தங்கி, காலிபிளவர் மாதிரி சதை வளர்ந்து, மாடு இரவெல்லாம் மூச்சுக்குத் திணறும். ஒரே குட்டையில் இரண்டு நத்தை, இரண்டு நோய். இரண்டுக்கும் நாம் பழி போடுவது தீவனத்தின் மேல்.

சரி, நத்தையைக் கொன்றுவிடலாமே என்று சிலர் மயில்துத்தத்தைக் கொட்டச் சொல்கிறார்கள். நான் அதற்கு முழு எதிரி. மீனும் சேர்ந்து சாகும். ஜப்பானில் கோஃபு பகுதியில் மனிதர்களைக் கொன்ற ரத்தத் தட்டைப்புழுவை ஒழிக்க வாய்க்கால்களுக்கு சிமெண்ட் பூசினார்கள். 1996இல் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்த நத்தை கரைச் சேற்றில் வாழ்வது. நம்முடையது தண்ணீருக்குள்ளேயே வாழ்கிறது. இங்கே சிமெண்ட் பூசினால் வாய்க்கால்தான் போகும்.

நாம் பின்பற்ற வேண்டியது இந்தோனேசியாவை என்பேன். மேற்கு ஜாவாவில் நம்மைப் போலவே நெல்லும் மாடும்தான். அங்கே ஆராய்ந்தவர்கள் பார்த்தது, கூடுகள் தாளின் அடிப்பகுதியில், தண்ணீர் நின்ற மட்டத்தில்தான் அதிகம் என்று. எனவே பச்சைத் தாளில் மேல்பகுதியை மட்டும் போடு, வைக்கோலை மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்துப் போடு என்றார்கள். பச்சைச் சாணியை நேராக வயலில் கொட்டாதே, மக்கவைத்துப் போடு என்றார்கள். இன்னொன்றும் செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வாத்தின் குடலில் வேறொரு தட்டைப்புழு உண்டு. அதுவும் இதே நத்தையில்தான் வளரும். இரண்டும் ஒரே நத்தைக்குள் மாட்டிக்கொண்டால் வாத்துப் புழுவின் குஞ்சு மாட்டுப் புழுவின் குஞ்சைத் தின்றுவிடும். அதனால் வாத்துக் கொட்டகையை மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு கழிவும் ஒன்றாக வயலுக்குப் போகும்படி செய்தார்கள். மாட்டுக்குத் தொற்று குறைந்தது. அறுவடை முடிந்ததும் வாத்து மேய்க்க வரும் ஊர் நம்முடையது. மேய்ப்பவர்களை வயலில் விடாமல் விரட்டுபவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நத்தையையே பொறுக்கித் தின்னும் பறவையை நாம் காசு கொடுத்தாவது கூப்பிட வேண்டும்.

மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. இளம்புழுவையும் கொல்லும் டிரைக்ளாபெண்டசோல் இருக்கிறது. ஆனால் அதற்கும் அடங்காத புழுக்கள் ஆஸ்திரேலியாவில் 1995லேயே பதிவாகிவிட்டன. கண்டபடி ஊற்றினால் அந்த ஒரு கதவும் மூடிவிடும்.

அடுத்த கால்நடை மருத்துவ முகாமுக்குப் போகும்போது வெறும் கையோடு போகாமல் கொஞ்சம் புதுச் சாணியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள். தட்டைப்புழு முட்டை கனமானது, உப்புக் கரைசலில் மிதக்கவைத்துத் தேடும் முறையில் பெரும்பாலும் கண்ணில் படாது. அடியில் படியவைத்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அதில் முட்டை தெரியாவிட்டாலும், மாடு வெளுத்திருந்தால் விடாதீர்கள். இளம்புழு ஈரலுக்குள் திரியும் அந்த மூன்று மாதமும் சாணியில் ஒரு முட்டைகூட வராது.