இரைப்பை தொப்புளுக்குப் பின்னால் இல்லைங்க!

மறுபடியும் அதே படம் வந்துவிட்டது. "சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் அமிலம் நீர்த்துப்போகும், அனைவருக்கும் பகிரவும்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு மிரட்டல். கீழே, தொப்புளுக்கு நேராக ஒரு ரோஸ் கலர் பை. இன்னும் எத்தனை வருடம் இதையே சுற்றில் விடுவீர்கள்?

அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். தொப்புளுக்கு அம்புக்குறி போட்டு 'இரைப்பை' என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே சுருண்டு கிடப்பது சிறுகுடல்! இரைப்பையின் பெரும்பகுதி மேலே, இடது விலாவுக்கு உள்ளே, நெஞ்சறைக்கு அடித்தளமான உதரவிதானம் என்ற தசையை ஒட்டி இருக்கிறது. சரி, இடப்பக்கமாவது வரைந்தார்களா? பையின் பருத்த பக்கம் வலது விலாவைப் பார்த்து நிற்கிறது. அப்படியானால் அங்கே இருக்கவேண்டிய கல்லீரலை எங்கே வைப்பது? உணவுக்குழாயோ குடத்தில் புனல் செருகியதுபோல் உச்சியில் நட்டநடுவே இறங்குகிறது. அது பக்கவாட்டில், சாய்வாக வந்து சேரவேண்டிய குழாய். சேரும் இடத்துக்கு மேலே, இடப்பக்கம் குவிமாடம்போல் எழும்பி நிற்கும் பகுதியையே காணோம். விழுங்கிய காற்று போய்த் தங்குவது அங்கேதான். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் கறுப்புக் குமிழாகத் தெரியும். இந்த அமைப்பால்தான் நெஞ்செரிச்சல் உள்ளவர்களை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறோம். பை தாழும், உணவுக்குழாய் அதற்கு மேலே நிற்கும், அமிலம் ஏறுவது குறையும். இந்தப் படத்தை நம்பினவர் வலப்பக்கம் படுத்து ராத்திரி முழுக்க எரிச்சலில் துடிப்பார்.

அமிலம் நீர்த்துப்போகுமாம்! ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் செரிமான நீர் சுரக்கிற உறுப்பு அது. குடித்த தண்ணீர் சீக்கிரமே குடலுக்குப் போய்விடும். அமிலம் குறைந்தால் சுவர் மறுபடியும் சுரக்கும். கெட்டி உணவு மட்டும் நிமிடத்துக்குச் சுமார் 3 அலை வீதம் பிசைபட்டு, 1 அல்லது 2 மில்லிமீட்டர் துகளான பிறகே கீழ்வாசலைத் தாண்டும்.

இதைவிட ஆத்திரம் வருவது 'வயிறு' என்ற ஒரே சொல்லால் விலாவிலிருந்து இடுப்புவரை மூடிவிடுவதில். இரைப்பை என்று அருமையான சொல் இருக்கிறதே! தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். நெஞ்சுக்குழியில் அழுத்தி, வேர்த்துக் கொட்டினால் மாரடைப்பாக இருக்கலாம். இரண்டுக்கும் 'கேஸ்தான், ஒரு சோடா குடி' என்று சொல்லி விடியும்வரை காத்திருக்கிறார்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

அப்புறம், அமிலச் சுரப்பைக் குறைக்கிற அந்தப் பான்டபிரசோல் மாத்திரை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அதையும் இரண்டாக உடைத்துப் போடுகிறார்கள். அதன் மேற்பூச்சே இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் கரைவதற்காகப் போட்டது. உடைத்தால் மருந்து அமிலத்திலேயே கெட்டுப்போகும். சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்னால் முழுதாக விழுங்குங்கள். சாப்பிடும்போது அமிலம் சுரக்கத் தொடங்குகிற நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்கவேண்டும்.

மாத்திரை என்றதும் இன்னொன்று. மருந்துக்கடையில் நாலு மாத்திரை கேட்டால், காலாவதித் தேதி அச்சிட்ட ஓரத்தைக் கடையிலேயே வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டித் தருகிறார்களே, அது என்ன நியாயம்? அந்த நாலும் எப்போது கெட்டுப்போகும் என்று வாங்கினவர் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்?