யுஎஸ்எம்எல்இயா, எஃப்ஆர்சிபாத்தா?

எம்டி பேத்தாலஜி (திசு, ரத்தம் பார்த்து நோயைக் கண்டறியும் மேற்படிப்பு) முடிக்கப்போகும் ஜூனியர்கள் வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள்: "அக்கா, அமெரிக்காவா, லண்டனா?" தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவில் நம் எம்டி செல்லாது. யுஎஸ்எம்எல்இ என்னும் உரிமத் தேர்வின் ஸ்டெப்கள், பயிற்சி இடம் ஒதுக்கும் மேட்ச், அப்புறம் மறுபடியும் முதலாமாண்டு ரெசிடென்ட், அதாவது பயிற்சி மருத்துவர். திசு பார்க்கும் அனாடமிக்கல் பேத்தாலஜி, ரத்தம் முதலான லேப் சோதனைகளுக்கான கிளினிக்கல் பேத்தாலஜி இரண்டும் சேர்த்தால் 4 வருடம். எம்பிபிஎஸ் முடித்த சூட்டில் கேட்டிருந்தால் தாராளமாகப் போ என்பேன். மூன்று வருடம் திசுக்களை வெட்டிப் பார்க்கும் கிராஸிங் மேசையில் ஃபார்மலின் வாடையில் நின்றபிறகு அதையே முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பேத்தாலஜிஸ்ட்ஸ் நடத்தும் எஃப்ஆர்சிபாத் தேர்வில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். முதல் பகுதி எழுத்துத் தேர்வு, புத்தகத்தைக் கரைத்துக் குடித்தால் தேறிவிடலாம்; நானும் அப்படித்தான் தேறினேன். இரண்டாம் பகுதிதான் ஆளைக் கவிழ்க்கும். ஹிஸ்டோபேத்தாலஜியில் (திசுப் பரிசோதனை) 20 சர்ஜிக்கல் கேஸ்கள், ஒன்றுக்குச் சுமார் 10 நிமிடம். அதுபோக செல்களைப் பார்க்கும் சைட்டாலஜி, அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசன், விரிவாக எழுதவேண்டிய லாங் கேஸ். "அடினோகார்சினோமா" (ஒரு வகைப் புற்று) என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்துவர முடியாது. எந்த இம்யூனோ (புரதங்களைக் காட்டும் சிறப்புச் சாயச் சோதனை) கேட்பாய், ஏன் கேட்பாய், சர்ஜனுக்கு என்ன சொல்வாய், எல்லாம் வேண்டும். சாதாரணக் கட்டியைப் புற்று என்று எழுதிவிட்டாலோ, கதை கந்தல்.

அந்தப் பயம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. எம்டி முடித்ததும் ஒரு லேபில் வேலை கேட்டுப் போனேன். "நீங்க தினமும் வர வேண்டாம் மேடம், கையெழுத்து மட்டும் போதும்" என்றார்கள். பேத்தாலஜிஸ்ட் என்றால் ரப்பர் ஸ்டாம்ப் என்று நினைக்கும் ஊரில், ஒரு ஸ்லைடுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்று யாராவது தேர்வு வைத்துக் கேட்கட்டுமே. லண்டன் போகாவிட்டாலும் நான் எழுதுவேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. எஃப்ஆர்சிபாத்தில் முழுதாகத் தேறினால், வெளிநாட்டு மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வு எழுதாமலே பிரிட்டன் மருத்துவ கவுன்சிலான ஜிஎம்சியில் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதனாலேயே ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் பெயர் ஏறிவிடாது. அதற்குத் தனியாக போர்ட்ஃபோலியோ, அதாவது அனுபவச் சான்றுகளின் தொகுப்பு, காட்ட வேண்டும். பார்த்த கேஸ், செய்த ஆடிட் (வேலைத் தர ஆய்வு) எல்லாவற்றையும் இன்றே எழுதிவைக்கத் தொடங்குங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடக் கணக்கு வீணாய்ப் போனது.

இப்போது இரண்டாம் பகுதிக்குப் படிக்கிறேன். தோல், லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) டீச்சிங் ஸ்லைடுகள் வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். இரண்டிலும் நான் சுமார்தான்.