வகுப்பு அல்ல, குழந்தையின் நிலையே அளவுகோல்

ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பள்ளிகளுக்குப் பயிற்சிநூல்களும் கொடுத்துவிட்டால் வாசிப்பும் கணக்கும் தாமே உயரும் என்று தொடக்கக் கல்வி பற்றி எழுதிய கட்டுரையாளர் ஒருவர் கருதுவதை, தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. குழந்தைகளை அவர்களது கற்றல் நிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்துக் கற்பிக்கும், பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் முறையைப் பீகார் அரசுப் பள்ளிகளில் சோதித்தபோது, நூல்களையும் பயிற்சியையும் மட்டும் பெற்ற பள்ளிகளில் பெரிய மாற்றம் தென்படவில்லை. ஆனால் 2012-13இல் ஹரியானாவில், நாள்தோறும் ஒரு மணி நேரத்தைத் தனியே ஒதுக்கி, குழந்தைகளை வகுப்புவாரியாக அன்றி வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்து, அதே அரசு ஆசிரியர்களைக் கொண்டே கற்பித்தபோது இந்தி வாசிப்பு முன்னேறியது.

2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புக் குழந்தைகளை அவர்களது கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிப்பதும் இதே அடிப்படையில்தான்.

52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதும் குழந்தை கவனக்குறைவால் தவறு செய்வதில்லை; ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்கலாம் என்று தானே ஒரு விதியை வகுத்துக்கொண்டிருக்கிறது. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளில் ஒரு கட்டினை அதன் கையாலேயே பிரிக்கச் சொன்னால் அந்த விதி தளர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்று படிக்கும் குழந்தைக்கும், மூன்றாம் வகுப்புப் பாடத்தை மீண்டும் மீண்டும் ஒப்பிக்க வைப்பதைவிட, கொம்பையும் காலையும் சேர்த்துப் பார்க்கக் கற்பிப்பதே பயன் தரும். இதற்கு ஆசிரியர் குழந்தையின் அருகில் அமர வேண்டும். ஆகவே அந்த ஒரு மணி நேரத்திலாவது இணையத்தில் விவரங்களைப் பதிவேற்றும் பணிகளை அவர்மேல் சுமத்தாதிருக்கக் கல்வித்துறை ஆணையிட வேண்டும்.