கைப்பேசியைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் சிறு பட்டணத்தில், சென்ற ஆண்டு ஓர் இரவு, ஒரு தாய் தம் மகளின் கைப்பேசியைப் பிடுங்கிக் குளியலறைத் தொட்டிக்குள் போட்டுவிட்டார். மகளுக்கு 19 வயது. பழகிப் பிரிந்த இளைஞன் அவளுடைய அந்தரங்கப் படத்தைப் புலனக் (வாட்ஸ்அப்) குழு ஒன்றில் போட்டிருந்தான். பொழுது விடிவதற்குள் அது பக்கத்துத் தோட்டம் வரைக்கும் போய்விட்டது. மறுநாள் இருவரும் டியூஷன் ஆசிரியரான என் வீட்டுக்கு வந்தபோது, அவன் அனுப்பிய மிரட்டல்கள், குழுவின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தொட்டியோடு போயிருந்தன. அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். பதற்றத்தில் கை முந்திக்கொண்டது. அவர்களுடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

வந்த உறவினர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "ஏன்மா அப்படிப் படம் எடுத்தே?" கேட்க வேண்டியது, பரப்பியது யார் என்பதல்லவா? ஒருவரை நம்பிக் காட்டியது ஊருக்கே காட்டுவதற்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. 1998 ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவுப்படி, பிறரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு ஆபாச உள்ளடக்கத்தை இணையம் வழி அனுப்புவது குற்றம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு 500,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். குற்றவியல் சட்டத்தின் 292ஆவது பிரிவு ஆபாசப் படங்களைப் பரப்புவோர் எவருக்கும் பொருந்தும் என்பதால், "எனக்கு வந்ததைத்தானே அனுப்பினேன்" என்ற சமாதானம் செல்லாது. படத்தைக் காட்டிப் பணம் கேட்டால் அது மிரட்டிப் பணம் பறித்தல். 10 ஆண்டு வரை சிறை உண்டு. பணம் கொடுத்து வாயை அடைக்கலாம் என்று எண்ணாதீர்கள், ஒரு முறை கொடுத்தவரிடம்தான் மறுபடியும் வருவார்கள்.

படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் நிலைமையே வேறு. 2017 ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே குற்றம். பரப்பினால் 15 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. ஆகவே ஆதாரம் என்று நினைத்துக்கூட அதை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். பிள்ளையின் கைப்பேசியையே எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

நம் வீடுகளில் பிள்ளைகளின் சிம் அட்டை பெரும்பாலும் அப்பா அம்மா பெயரில்தான் இருக்கிறது. சான்றுச் சட்டத்தின் 114ஏ பிரிவு, எந்த எண்ணிலிருந்து பதிவு வந்ததோ அந்த எண்ணின் உரிமையாளரே அதை வெளியிட்டார் என்று முதலில் அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. மகனின் விளையாட்டுக்கு அப்பா பதில் சொல்ல வேண்டி வரும்.

"தலைவர் வீட்டில் வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொன்னார்கள். பேசி முடித்தால் படம் நிற்குமா? உள்ளூரில் முகம் காட்டத் தயங்கினால் வேறு ஊர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். தாலியான் காசே என்ற அரசு உதவிச் சேவையை 15999 எண்ணிலும் அழைக்கலாம். 2022 ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயம், வழக்கறிஞர் இல்லாமலே வழக்கை விசாரித்து, 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க முடியும்; வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாத தோட்டத்துக் குடும்பத்துக்கு இது பெரிய வாசல்.

படம் மேலும் பரவாமல் தடுக்க, 18 வயதைக் கடந்தவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போகாது. அதன் எண்முத்திரை (படத்தை அடையாளம் காட்டும் குறியீடு) மட்டும் முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்களுக்குப் போகும். படம் எடுத்தபோது 18 நிரம்பாதவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற சேவை இருக்கிறது. புலனத்துக்குள் சுற்றும் படத்தை இவை பிடிக்கா என்பதால், போலீஸ் புகாருக்கு இவை மாற்று இல்லை.

பழகுகிறவரிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காதே, பழுது பார்க்கக் கைப்பேசியைக் கொடுக்கும் முன் படங்களை அப்புறப்படுத்து என்று பெண்பிள்ளைகளுக்கு நாம் எவ்வளவோ சொல்கிறோம். ஆண்பிள்ளைகளுக்கு என்ன சொல்லியிருக்கிறோம்? என் டியூஷன் வகுப்பில் இப்போது இரு தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் இதைப் பேசுகிறேன்.

அந்தப் பெண் வந்துபோன அன்று மாலை, அதே குழுவில் இருந்த ஒரு பையன் என் வாசலில் வந்து நின்றான். "டீச்சர், நான் யாருக்கும் அனுப்பலை" என்றான். அவன் கைப்பேசியில் இருந்த குழுவின் பெயரும், அனுப்பிய எண்ணும், தேதியும், நேரமும்தான் இப்போது அந்தப் போலீஸ் புகாரில் இருக்கின்றன.